கரண்ட் இல்லாத வீட்டின் மெயின் சுவிட்ச்

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளைத் தனியாளாக வளர்த்தவள். கடலூரில் புயலடித்துக் கம்பங்கள் சாய்ந்து பல நாள் கரண்ட் இல்லை. தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வாடகை ஜெனரேட்டரை வரவழைத்தேன். வயரை மோட்டார் போர்டில் மாட்டும்போது ஜெனரேட்டரைக் கொண்டுவந்த ஆள், "மெயின எறக்கிட்டீங்களா?" என்று கேட்டார்.

"கரண்டே இல்லாத வூட்டுல எதைய்யா எறக்கறது? நீ போடு" என்றேன்.

மோட்டார் ஓடியது. உடனே பக்கத்து வீட்டுச் செல்வி, "அத்த, கரண்ட் வந்துடுச்சு! எங்க லைட்டு எரியுது!" என்று குதித்தாள்.

ஜெனரேட்டர்காரர் முகம் வெளுத்தது. "ஐயோ, நம்ம கரண்ட் மெயின் வழியா தெருக் கம்பிக்குப் போவுது!" என்றார். தெருமுனைக் கம்பத்தின் உச்சியில் லைன்மேன் இருந்தார். "கம்பியத் தொடாதய்யா!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். அதற்குள் ஜெனரேட்டர்காரர் அதை நிறுத்திவிட்டார்.

இறங்கி வந்த லைன்மேன் சொன்னார்: "கம்பிக்கும் என் கைக்கும் ஒரு சாண்தான் பெரியம்மா இருந்துச்சு. கரண்ட் இல்லன்னு நம்பித்தான ஏறனேன்?"



இப்போது எங்கள் வீட்டில் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இருக்கிறது. ஜெனரேட்டர் பக்கம் திருப்பினால் தெருக் கம்பியின் தொடர்பு அறுந்துவிடும். அதை என் கையால் திருப்பிய பிறகே ஜெனரேட்டரைப் போட விடுவேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதுபவள் என் பேத்தி. "என் தப்பக் கொறச்சு எழுதலயே? படிடி, கேக்கறேன்."