காட்டன் டீ-சர்ட்டில் ஒரு முகம்

அன்றைக்கு வீட்டில் இருந்தது நான். என் வீட்டுக்காரர், மில்லில் நைட் ஷிப்ட் முடித்து வந்து உள்ளே படுத்திருந்தார், தூங்கவில்லை. கான்சாபுரத்துப் பையன்கள் இரண்டு பேர், வாலிபால் ஆடுகிறவர்கள். அவர்களோடு வந்த ஒரு அக்கா. அவ்வளவு பேர்தான்.

அந்த அக்காவின் தம்பி காய்ச்சலில் செத்துப்போனவன். அவனும் அந்த டீமில் ஆடியவன். ஞாயிற்றுக்கிழமை முதல் வருஷ நினைவு ஜெபம். சர்ச்சில் ஜெபம் முடிந்ததும் அவன் பேரில் மேட்ச். ஆடுகிறவர்கள் எல்லாரும் அவன் முகம் போட்ட டீ-சர்ட் போட வேண்டும். அக்காவுக்கும் ஒன்று. மொத்தம் பதினாலு.

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு முன் ரூமில் பிரிண்டர் ஒன்று, ஹீட் பிரஸ் ஒன்று வைத்திருக்கிறேன். பேப்பரில் படத்தைப் பிரிண்ட் எடுத்து, துணி மேல் வைத்து, சூட்டில் அழுத்தினால் மை துணிக்குள் இறங்கிவிடும். பாலியஸ்டர் என்றால் போகவே போகாது. காட்டனில் நிற்காது. எடுத்த உடனே படம் இருக்கும், கொஞ்சம் மங்கலாக. தண்ணீரில் போட்டால் போய்விடும். இந்தத் தொழிலில் முதலில் தெரிந்துகொள்கிறது இதுதான்.

என்னிடம் பாலியஸ்டர் சட்டை இருந்தது. ஆனால் அவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கடையில் பதினாலையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். எல்லாம் வெள்ளை.

"நல்ல துணிக்கா. தொட்டுப் பாருங்க," என்றான் ஒருத்தன்.

தொட்டேன். எட்டாவதோடு நின்று மில்லுக்குப் போனவள் நான். கல்யாணம் வரைக்கும் பஞ்சோடுதான் கிடந்தேன். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் தெரியும். சுத்தக் காட்டன்.

சொல்லவில்லை.

ஏன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். இரண்டு வாரமாக ஆர்டர் இல்லை. அன்றைக்கே வெள்ளிக்கிழமை. சொன்னால் வேறு ஆளைத் தேடிப் போய்விடுவார்கள். இதற்கு மேல் காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை.

போட்டோ அக்காவின் செல்லில் இருந்தது. கிறிஸ்மஸ் அன்று எடுத்தது. கூட நின்றவர்களை வெட்டிவிட்டு அவனை மட்டும் எடுத்தேன். முதல் சட்டையை அக்காவுக்கு வைத்தேன். பிரஸ்ஸை மூடி, பீப் சத்தம் வந்ததும் திறந்து, பேப்பரை உரித்தேன்.

"ஏலே, பாருங்கலே. எப்படிச் சிரிக்கான்," என்றாள் அக்கா.

"இங்கதான் சிரிக்கான். கிரவுண்டுல ஒரு பந்த விட்டுட்டா என்னா ஏச்சு ஏசுவான்," என்றான் ஒரு பையன்.

"நீ விடுறது ஒரு பந்தாலே?" என்றான் மற்றவன்.

அக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அந்த முகத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். துணி இன்னும் ஆறவில்லை.

"காய்ச்சல்ல கெடக்கையில இப்படித்தான் சுட்டுச்சு," என்றாள்.

நான் அடுத்த சட்டையை விரித்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். இன்னும் பதிமூன்று பாக்கி இருந்தது.

அவர்கள் போன பிறகு வீட்டுக்காரர் எழுந்து வந்தார். எல்லாவற்றையும் கதவு வழியே பார்த்திருக்கிறார்.

"ஏட்டி, அது காட்டன்தான?"

"ஆமா."

"நிக்காதுன்னு சொன்னியா?"

"ஞாயித்துக்கிழம வரைக்கும் நிக்கும்."

"திங்கக்கிழம?"

நான் பேப்பரை ஒதுக்கிக்கொண்டிருந்தேன்.

"பஞ்சத் திங்காத குறையா மில்லுல இருந்தவ நீ. தெரியாதுன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிறாத, சிரிப்பாக," என்றார்.

ஒரு மாதம் கழித்து அந்த அக்கா தனியாக வந்தாள். பைக்குள்ளிருந்து சட்டையை எடுத்து விரித்தாள். முகம் இருந்த இடத்தில் லேசாக ஊதாக் கறை. முடி மட்டும் ஒரு கோடு மாதிரி தெரிந்தது. ஏசப் போகிறாள் என்று நின்றேன். ஏசினால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றேன்.

"எங்க அம்மா பண்ணுன வேல தாயி," என்றாள். "நான் வேலைக்குப் போயிருந்த நேரம் ஊற வச்சு, கல்லுல அடிச்சுத் தொவைச்சிருக்கு. மகன் சட்ட வெள்ளையா இருக்கட்டும்னு. மூஞ்சியவே தொவைச்சு எடுத்துட்டு நிக்கிது."

நான் சட்டையைக் கையில் வாங்கினேன்.

"பேசக் கூடாததெல்லாம் பேசிட்டேன். ரெண்டாவது தடவையும் அவன இல்லாம ஆக்கிட்டியேன்னு கேட்டுட்டேன். அன்னைல இருந்து அம்மா சரியாச் சாப்பிடல."

"மத்த சட்டையெல்லாம்?" என்று கேட்டேன்.

"அதுவும் போச்சாம். அவனுக வீட்லயும் அடிச்சுத்தான தொவைப்பாக. தொவைக்கத் தெரியாதவிய நாங்க. நீ என்ன பண்ணுவ?"

அவள் எனக்கு ஒரு வழியைத் திறந்துவிட்டாள். நான் அதற்குள் போய்விட்டேன்.

"அடிச்சுத் தொவைக்கக் கூடாதுக்கா," என்றேன்.

வீட்டுக்காரர் உள்கதவில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

என்னிடம் இருந்த பாலியஸ்டர் சட்டையில் புதிதாகப் போட்டுக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. பையன்களுக்கும் அப்படியே போட்டு பஸ்ஸில் கொடுத்துவிட்டேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருப்ப தாயி," என்றாள். மறுவாரம் வந்து ஒரு பை மாம்பழம் வைத்துவிட்டுப் போனாள். நான் தின்னவில்லை. வீட்டுக்காரர் தின்றார்.

சட்டை சரியாகிவிட்டது. அந்த அம்மா மேல் விழுந்த பழி அப்படியே இருந்தது. சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, வேறு பஸ் மாறி, கான்சாபுரம். அந்த அம்மா வீட்டில் இல்லை. வத்திராயிருப்பில் ஒரு வேலை, அப்படியே எட்டிப் பார்த்தேன் என்று அக்காவிடம் பொய் சொன்னேன்.

பொறவு ஒரு நாள் போனேன். அம்மா வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அறுபது வயசு இருக்கும். அக்கா குழாயடியில் துவைத்துக்கொண்டிருந்தாள். "அம்மா இப்ப துணியத் தொடுறதில்ல தாயி. அது சேலையும் நாந்தான் தொவைக்கேன்," என்றாள். பக்கத்து வீட்டு ஆட்கள் இருந்தார்கள். வந்துவிட்டேன்.

போன வாரமும் போனேன். புதுச் சட்டையைக் கவரோடு சுவரில் மாட்டியிருந்தார்கள். அக்கா அடுப்படியில் இருந்தாள். அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள்.

"இதத் தண்ணில போடலாமா தாயி?"

"போடலாம்மா. எப்படித் தொவைச்சாலும் போகாது."

"அதுவும் நீதான போட்ட. அது போச்சு. இது மட்டும் எப்படிப் போகாது?"

இதைக் கேட்டது அவர்கள் ஒருத்தர்தான். அக்கா கேட்கவில்லை, பையன்கள் கேட்கவில்லை.

"இது வேற துணிம்மா," என்றேன்.

"துணிதானா?"

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆமா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"அத விடும்மா," என்று உள்ளே இருந்து அக்கா சத்தம் கொடுத்தாள். "ஒன் கை அம்புட்டு லட்சணம். அந்தப் பிள்ளையப் போய்க் கேட்டுக்கிட்டு."

அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டார்கள். "ஆமா. என் கைதான்," என்றார்கள்.

அக்கா காப்பி கொண்டுவந்தாள். குடித்தேன். போயிட்டு வாரேன் என்று எழுந்தேன். பஸ் உடனே வந்துவிட்டது.

சொல்ல வேண்டும் என்று போய், சொல்லாமல் திரும்பியது இதோடு மூன்று.