ஓரத்தில் நின்ற மாமனார்

அண்ணாமலை நகரில் ஆய்வக உதவியாளராக இருக்கும் அறிவழகனுக்குப் பழைய ஃபிலிம் கேமராதான் உயிர். குடும்பம் மொத்தமும் ஒரே படத்தில் அடங்க வேண்டும் என்று எட்டு மாதம் ஆராய்ந்தான். கடைசியில் பேர் தெரியாத கம்பெனியின் இருபத்திநாலு எம்எம் வைட் ஆங்கிள் லென்ஸ் ஒன்றை மலிவாக வாங்கினான்.

கடலூரில் மச்சான் வீட்டுப் புதுமனை புகுவிழாவில் இருபத்தாறு பேரும் படத்தில் அடங்கிவிட்டார்கள். பிரிண்ட் போட்டுப் பார்த்தபோது, ஓரத்தில் நின்ற மாமனார் வைத்திலிங்கம் மட்டும் பண்ருட்டிப் பலாப்பழம் மாதிரி விரிந்திருந்தார்.

"இன்னா மாப்ள, நான் இவ்ளோ குண்டாவா இருக்கேன்?"

"லென்ஸ் அப்புடித்தான் மாமா. ஓரத்துல நிக்கிறவங்க கொஞ்சம் ஜாஸ்தியா விரிவாங்க."

"என்னை ஓரத்துல நிறுத்துனதும் லென்ஸுதானா?"

படத்தின் நடுவில் நின்றது அறிவழகனுடைய அப்பா.

அவன் மனைவி கனிமொழி படத்தைக் கூடத்தில் மாட்டி, அதன் நடுவில் காலண்டரைத் தொங்கவிட்டாள்.