இறால் ஷெட்டில் ஒரு கேபிள்

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். கொச்சி மட்டாஞ்சேரியில் இறால் உரிக்கும் ஒரு ஷெட்டின் குளிர் அறைக்கு நான் ஒரு தகரப் பெட்டி மாட்டிக் கொடுத்திருந்தேன். உள்ளே உள்ளங்கை அளவு போர்டில் அடங்கிய ஒரு கம்ப்யூட்டர். திரை, கீபோர்டு எதுவும் கிடையாது. நிமிடத்துக்கு ஒருமுறை அறையின் குளிரை எழுதி வைக்கும்.

ஒரு திங்கட்கிழமை காலை முதலாளி போன் செய்தார். இறால் கெட்டுவிட்டதாம். "சனிக்கிழமை அந்தப் பொம்பள கதவைச் சாத்தாம போயிட்டா. பெட்டியைப் பார்த்துச் சொல்லு."

அவர் சொன்னது குளிர் அறைப் பொறுப்பில் இருந்த சேச்சியை. இடக்கொச்சியிலிருந்து பஸ்ஸில் வருபவர். என் வீட்டைப் போலவே அவர் வீட்டிலும் பேச்சு தமிழ்தான்.

என் லினக்ஸ் லேப்டாப்பை ஒரு பிளாஸ்டிக் கிரேட்டின் மேல் வைத்து, பெட்டிக்கு நேராகக் கேபிள் போட்டேன். சேச்சி முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"தம்பி, நீ முதலாளி கூப்பிட்டு வந்த ஆளுதானே?"

"ஆமா சேச்சி."

"அப்போ அவரு சொல்றதுதான் அதுல வரும்."

சேச்சிதான் கதவைத் திறந்து போட்டிருப்பார் என்றே நானும் நினைத்திருந்தேன்.

கேபிள் விளக்கு எரிந்தது. ஆனால் நோட்டில் குறித்திருந்த நெட்வொர்க் முகவரிக்குப் பெட்டி பதில் தரவில்லை. யாரோ உள்ளே மாற்றியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தேன். "இதை யாராச்சும் தொட்டீங்களா?"

"தொட்டா ஷாக் அடிக்கும்னு நீதானே சொன்ன?"

கேபிளில் என்ன ஓடுகிறது என்று காட்டும் கட்டளையைப் போட்டேன். நேரம் கேட்பதற்காக, என் ஒர்க்‌ஷாப் கம்ப்யூட்டரைப் பெட்டி திரும்பத் திரும்பத் தேடிக்கொண்டிருந்தது. சோதனைக்காக நான் கொடுத்த பழைய முகவரியை மாற்றாமலே மாட்டிவிட்டிருக்கிறேன். காது சூடேறியது. அவரிடம் சொல்லாமல், லேப்டாப்புக்கு அதே வரிசையில் ஒரு முகவரி கொடுத்தேன். பெட்டி பேசியது.

வந்த வரிகளிலெல்லாம் தேதி 1970 ஜனவரி.

"எழுபதா? நான் அப்பப் பொறக்கவே இல்ல! இதை நம்பியா என்னை வெளிய அனுப்பப் போறீங்க?"

கடிகாரத்துக்குப் பேட்டரி இல்லை, கரண்ட் கொடுத்த நொடியை 1970 ஜனவரி ஒன்று என்று வைத்துத்தான் எண்ணும், இப்போதைய நேரத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டினால் போதும் என்றேன். "அப்போ என் வாட்ச்சைப் பாரு. உன்னோடது வேண்டாம்." அவருடைய மணிக்கட்டைப் பார்த்து ஒரு அட்டையில் கூட்டினோம். ஒவ்வொரு வரியையும் அவரும் சரிபார்த்தார்.

சனிக்கிழமை மாலையும் இரவும் மைனஸ் பதினெட்டிலேயே நின்றிருந்தது. ஞாயிறு நண்பகலில் ஏறத் தொடங்கி, மூன்று மணி நேரம் ஏறிக்கொண்டே போயிருந்தது.

"ஞாயித்துக்கிழமை சாவி யார்கிட்ட சேச்சி?"

"அன்னைக்கு எங்களுக்கு லீவு. சாவி முதலாளி வீட்ல. அவரு மச்சான் வந்து போவாரு." குரல் தணிந்தது. "முதல்ல எனக்கு இதைப் பேப்பர்ல எடுத்துக் குடு. அப்புறம் அவர்கிட்ட சொல்லு."

இவ்வளவு சந்தேகமா என்று தோன்றியது. ஆனாலும் பக்கத்துக் கடையில் இரண்டு பிரதி எடுத்து ஒன்றை அவரிடம் கொடுத்தேன். மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார்.

முதலாளி தன் பிரதியை வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "பெட்டியில இருக்கிறதை அழிக்க முடியுமா?"

"முடியும். சேச்சிகிட்ட ஒரு காப்பி இருக்கு."

சேச்சி வேலையில் நீடித்தார். பெட்டியை மட்டும் அந்த வாரமே கழற்றி எடுத்துப் போகச் சொல்லிவிட்டார்கள்.