தாத்தியா நட்ட கல்

தாத்தியாவுக்குக் கம்பளி சிக்கெடுப்பதுதான் பிழைப்பு. எங்கள் லவோதிக்கேயா நகரத்தில் கறுப்புக் கம்பளிக்கும் குறைவில்லை, வேலைக்கும் குறைவில்லை. புருஷன் ஹைலாஸ் விழாக்களில் கூட்டம் பார்க்க அரங்கக் களத்தில் வாள் வீசுகிறவன். பார்லிக் கஞ்சியும் மொச்சையும் தின்று தூண்போல இருந்தான். பதினோரு சண்டையில் வென்றவன் பன்னிரண்டாவதில் செத்தான்.

"செத்தாருன்னு சொல்லாதண்ணே, கொன்னாங்கன்னு சொல்லு" என்று என்னைத் திருத்துவாள். அதுதான் சரி. அன்று நானும் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ரோமப் பேரரசர் பெயரால் விழா எடுத்த பெரிய பூசாரிக்கு எதிராளிதான் செல்லப்பிள்ளை. ஹைலாஸ் அவனைக் கீழே சாய்த்தான். விழுந்தவன் விரலை உயர்த்தினான். விரல் உயர்ந்தால் தோல்வியை ஒப்புக்கொண்டான் என்று அர்த்தம். ஹைலாஸ் வாளைத் தாழ்த்தி விலகி நின்றான். நடுவர் கல்லினிகஸ் மட்டும் தடியை ஆட்டிக்கொண்டு, "வழுக்கித்தான் விழுந்திருக்க. எழுந்திரு!" என்றார். எழுந்தவன், ஹைலாஸ் கேடயத்தைத் தூக்குவதற்குள் விலாவில் குத்திவிட்டான்.

மூன்றாம் நாள் தாத்தியா என் கல்பட்டறைக்கு வந்து தன் கல்யாணப் போர்வையைக் கூலியாக வைத்தாள்.

"என்னம்மா வெட்டணும்?"

"'விரல் தூக்கியவனை விட்டேன். கல்லினிகஸ் அவனை எழுப்பிவிட்டார். இங்கே கிடக்கிறேன், ஹைலாஸ்.' இவ்வளவுதான்."

"பேரோடயா? அந்த ஆளு என் கையை முறிச்சுடுவான் தாயி."

"கை நடுங்குதுன்னா உளியை இங்க குடுண்ணே, நானே வெட்டிக்கிறேன்."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வெட்டினேன். நடுவரின் பெயரை மட்டும் கூடுதல் ஆழமாகவே வெட்டினேன்.

அவள் ஹைலாஸைப் புதைத்துக் கல்லை நட்டது நகரத்தின் தெற்கு வாசலுக்கு வெளியே, கல்லினிகஸ் களத்துக்கு நடந்துபோகும் சாலையோரம். கல்லறை வாசகத்தை வாய்விட்டுப் படிப்பது எங்கள் வழக்கம். கழுதைக்காரன் படித்தான். எண்ணெய்க்காரி பக்கத்தில் இருந்தவனைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். கல்லறையில் கைவைத்தால் நகரம் சும்மா விடாது என்பதால், கல்லினிகஸ் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்து போனார்.

அடுத்த விழாவில் அவர் தடியைத் தூக்கியதுமே அரங்கம் முழுக்கக் கத்தியது: "எழுப்பிவிடுய்யா! எழுப்பிவிடு!" தொண்டை கட்டும்வரை நானும் கத்தினேன். அதன்பிறகு அவரை எந்த விழாவுக்கும் யாரும் கூப்பிடவில்லை.

மழைக்காலத்தில் ஒருநாள் நான் தாத்தியாவிடம் கம்பளி வாங்கப் போயிருந்தபோது, கல்லினிகஸ் அவள் முற்றத்துக்கு வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். எனக்குத் துளி இரக்கம் வரவில்லை. சேற்றில் மண்டியிட்டார்.

"பேரை மட்டும் எடுத்துடு தாயி. என் மகளைக் கட்டிக்க ஒருத்தனும் வரமாட்டேங்கிறான்."

சொல்லிவிட்டு, களத்தில் தோற்றவன்போல விரலை உயர்த்தினார்.

தாத்தியா சீப்பைக் கீழே வைக்காமல் அவரைப் பார்த்தாள்.

"என்னங்கய்யா, வழுக்கி விழுந்துட்டீங்களா? எழுந்திருங்க."