பெப்ரோனியாவுக்குத் தெரியாத வண்டி

பெப்ரோனியா காரின் முன்மூடியில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறாள். சூடாக இருக்கிறது. இப்போதுதான் வந்து நின்றிருக்கிறது. எண்பலகையைப் பார்க்கிறாள், பல் வைத்தியருடையதுதான். அடுத்த வண்டிக்கு நகர்கிறாள். கட்சி அலுவலகத்தின் பூட்டைத் திறப்பதற்கு முன், சிரியாவின் காமிஷ்லி ஊரில் அந்தக் குட்டித் தெருவை இப்படித் தொட்டுத் தொட்டு நடந்து முடித்தாக வேண்டும் அவளுக்கு.

"ஆளை யாருன்னு கேட்டா வாயத் திறந்து சொல்லுவான். வண்டி சொல்லுமா?" என்பாள்.

இரண்டு தெரு தள்ளித் தேநீர்க்கடை முன் நின்ற வண்டியில் குண்டு வெடித்த நாளிலிருந்து இந்தப் பழக்கம். முடிதிருத்தும் கௌரியே என்பவன் கடைவாசலில் நின்று, "பெப்ரோ அக்கா, அப்படியே என் நெத்தியையும் தொட்டுப் பாரு, காய்ச்சலடிக்குது" என்று சீண்டுவான். அவள் சிரிக்க மாட்டாள். அவன் கடைமுன் நிற்கும் வண்டியையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போவாள்.

ஐம்பத்தேழு வயது, கனத்த உடம்பு, மழைக்காலத்தில் மடங்க மறுக்கும் முழங்கால்கள். கட்சியின் வார இதழை, அந்த ஊர்க் கிறிஸ்தவர்களான தங்கள் மொழியின் சுரியானி எழுத்தில் தட்டச்சு செய்கிறாள். வயதானவர்களுக்கு அரபியில் மனு எழுதித் தருகிறாள். பனிக்காலத்திலும் ஜன்னலை மூட விடுவதில்லை; மூடிய ஜன்னல்தான் அதிர்ச்சியில் நொறுங்கும் என்கிறாள். கைப்பையில் எப்போதும் ஒரு ஜோடி புதுக் காலுறை. "ஆஸ்பத்திரியில கிழிஞ்ச காலுறையோடயா படுத்துக் கிடக்கிறது?"

போர் மூண்டபின் ஊர் இரண்டாயிற்று. கொஞ்சம் அரசாங்கத்திடம், மிச்சம் குர்துகளிடம். தங்கள் மொழியில் பள்ளிக்கூடம் கிடைக்கும் என்று கட்சி குர்துகளோடு நின்றது. தெருவில் பாதிப் பேருக்கு அது பிடிக்கவில்லை. அலுவலகத்துக்கு மேல்மாடியில் இருக்கும் விதவை மரோகே வாரம் ஒருமுறை இறங்கி வந்து, கட்சிக் கொடியைக் கழற்றிவிட்டால் எல்லாரும் நிம்மதியாகத் தூங்கலாமே என்று கேட்டுவிட்டுப் போவாள்.

பெப்ரோனியாவின் தம்பி மல்கே கேட்கவில்லை, சபித்தான். அரசாங்கத் தானியக் கிடங்கில் எழுத்தராக இருப்பவன். ஒரு ஈஸ்டர் காலையில், கோயில் முற்றத்தில் எல்லார் முன்னிலையிலும் சொன்னான்: "நாளைக்கு அரசாங்கப் படை திரும்பி வந்தா உன்னோட சேர்த்து என் பிள்ளைங்களையும் தொங்க விடுவாங்க. உன் கட்சி வாசல மிதிக்க மாட்டேன்." அதன்பின் மூன்று வருஷம் பேச்சில்லை.

போன பிப்ரவரியில் ஒரு காலை. அலுவலகச் சுவரை ஒட்டி ஒரு பச்சை வண்டி நின்றது. எண் தெரியாதது. முன்மூடி சூடாக இருந்தது. பின்னிருக்கையில் வெள்ளைத் துணியில் கட்டிய பெரிய மூட்டை.

அவள் கத்தவில்லை. ஒவ்வொரு கதவாகத் தட்டி, சாமான் எதையும் எடுக்காமல் வெளியே வரும்படி சொன்னாள். கௌரியே, பாதி மழித்த முகத்தோடு இருந்த வாடிக்கையாளரை அழைத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனான். மரோகேயின் கையைப் பிடித்து பெப்ரோனியாவே மாடிப்படி இறக்கினாள்.

காவல்படையினர் வந்து வண்டியின் அடியைப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. மூட்டைதான் மிச்சம்.

"தெரிஞ்சவங்க யாரோடதாவது இருக்குமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்கக்கா" என்றார் படைத்தலைவர்.

"எனக்குத் தெரியாத வண்டி. உடைங்க."

துப்பாக்கிக் கட்டையால் அடித்தார்கள். பின்ஜன்னல் கண்ணாடி பொலபொலவென்று உள்ளே கொட்டியது. கத்தியால் துணியைக் கிழித்தபோது உள்ளேயிருந்து சிவப்புப் பட்டு பிதுங்கியது. ஆட்டுரோமம் வைத்துத் தைத்த மெத்தைப் போர்வை. ஓரத்தில் அம்மா போட்ட நீலத் தையல்.

கோயில் பக்கமிருந்து மல்கே ஓடி வந்தான், கையில் காகிதங்களோடு. மைத்துனனின் வண்டி. ஞானஸ்நானச் சான்றிதழ் வாங்கக் கோயிலுக்குப் போயிருந்தான். திரும்பி வந்து, வாசல் மிதிக்காமல், யாரையாவது விட்டு அக்காவை வெளியே கூப்பிடலாம் என்று நினைத்திருந்தானாம்.

"யாரு உடைக்கச் சொன்னது?"

"நான்தான்."

குடும்பத்தோடு வெள்ளிக்கிழமை பெய்ரூத், அங்கிருந்து ஸ்வீடன் என்றான் மல்கே; அங்கே புகலிடம் கேட்கத்தான் இந்தச் சான்றிதழாம். அம்மாவின் போர்வை அக்காவிடம் இருக்கட்டும் என்று கொண்டுவந்தானாம். பிறகு கையிலிருந்ததில் ஒரு தாளை உருவி நீட்டினான்.

"உன்னோட சான்றிதழையும் வாங்கிட்டேன். வந்துடு அக்கா. இங்க இருந்து யாரைக் காப்பாத்தப் போற?"

பெப்ரோனியா தாளை வாங்கவில்லை. தெருமுனையிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். மரோகே படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

"வெள்ளிக்கிழமை இதழ் அச்சுக்குப் போகணும்டா" என்றாள்.

உடைந்த ஜன்னல் வழியே கையை விட்டுப் போர்வையை இழுத்தெடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். "உள்ளயெல்லாம் கண்ணாடி சிக்கியிருக்கு, கீழ வை" என்றான் மல்கே. அவள் முகத்தை அதில் இன்னும் ஆழமாகப் புதைத்தாள்.