அட்டையைக் கொண்டுபோய்க் கொடுக்காத நண்பகல்

வேடசந்தூர்ப் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்குக் கம்பி கட்டும் வேலைக்கு வந்தவர் பழனிச்சாமி. பின்னர் பயிற்சியும் தேர்வும் முடித்துக் செக்யூரிட்டிக் காவலர் சட்டை போட்டபோது, நிழலில் உட்கார்ந்து சம்பளம் வாங்கப் போகிறார் என்று தொழிலாளர் கேம்பில் எல்லோரும் கேலி செய்தார்கள். ருவைஸ் நகருக்கு வெளியே, குழாய்களும் செம்புக் கேபிள் சுருள்களும் அடுக்கிய ஒரு யார்டின் வாசல் அவருடைய பொறுப்பு. ஒரு தடுப்புக் கம்பமும் ஒரு வாக்கி டாக்கியும்தான் அங்கே அவருக்கிருந்த அதிகாரம்.

அதே வாசலில்தான் போன கோடையில் அவருடைய அறைத் தோழர் நாகலிங்கம் பணியில் இறந்தார். உள்ளே வரும் ஓட்டுநர் தன் அடையாள அட்டையைக் காவலரிடம் விட்டுச் செல்ல வேண்டும். திரும்பும்போது இறங்கி வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். வெயிலில் அவர்களை இறக்குவானேன் என்று, காவலர்களே அட்டையைக் கொண்டுபோய் வண்டி ஜன்னலில் நீட்டுவது வழக்கமாகியிருந்தது. நாகலிங்கமும் அப்படித்தான் வண்டிக்கு முன்னால் நடந்து போனார். திருட்டுக் கேபிளோடு நின்ற வண்டி அவரை இடித்துத் தள்ளி, தடுப்பை முறித்துக்கொண்டு ஓடியது. ஓட்டுநர் பிறகு பிடிபட்டான். நாகலிங்கம் கொடுக்கப் போன அட்டை அவனுடையதே அல்ல; வேறு யாரோ தொலைத்தது.

காவலர் அறையை விட்டு இறங்கக் கூடாதென்று உத்தரவு வந்தது. ஓட்டுநர்கள் முணுமுணுத்தார்கள். சில மாதங்களில் பழைய வழக்கமே திரும்பிவிட்டது. பழனிச்சாமியும் நடந்து போய்க் கொடுத்தவர்தான்.

இந்த ஆகஸ்டில் ஒரு நண்பகல். வெயிலில் வேலை வாங்கக் கூடாதென்று சட்டம் தடுத்திருக்கும் நேரம்; ஆட்கள் எல்லோரும் ஏசி போட்ட ஓய்வுக் கொட்டகைக்குள் இருந்தார்கள். தண்ணீர் கேன் இறக்க வந்த பிக்கப், வெளியே போகத் தடுப்பின் முன் வந்து நின்றது. ஓட்டுநர் சரவணகுமார், தேனிப் பையன், வாரந்தோறும் வருகிறவன். பழனிச்சாமி அட்டையோடு எழுந்தார். கதவில் கை வைத்தபோதுதான் வண்டியின் பின்பக்கம் கண்ணில் பட்டது. கேன்களை இறக்கிவிட்டுத் துள்ளிக்கொண்டு திரும்பும் வண்டி, இன்று பின்சக்கரத்தின் மேல் அமுங்கிக் கிடந்தது. மேலே தார்ப்பாய்.

அவர் கதவைத் தாழிட்டு, ஜன்னலைத் திறந்தார்.

"சரவணா, வண்டிய ஆஃப் பண்ணிட்டு எறங்கி வா."

"என்னண்ணே புதுசா? தரை கொதிக்குது. கொண்டாந்து குடுங்க."

"எறங்குப்பா. அந்தத் தார்ப்பாயையும் கொஞ்சம் தூக்கிக் காட்டு."

"காலிக் கேனுண்ணே. போலீஸ்ல சேந்துட்டீங்களா என்ன?" அவன் சிரித்தான். "நாகலிங்கண்ணன்னா இந்நேரம் கொண்டாந்து குடுத்திருப்பாரு."

"கொண்டாந்துதான்டா குடுத்தாரு."

சிரிப்பு நின்றது. இன்ஜின் நிற்கவில்லை. பழனிச்சாமி ஜன்னலருகிலேயே நின்றார். பையன் மேல் தப்பில்லை என்றால் வாழ்நாளுக்கும் அவன் முகத்தில் விழிக்க முடியாது. தப்பு இருந்தால், கதவுக்கு வெளியே வைக்கும் முதல் அடியே கடைசி அடியாகிவிடும்.

"அண்ணே, கம்பத்தத் தூக்குங்க. ஊர்க்காரராச்சேன்னு சொல்றேன்."

"ஊர்க்காரன்னுதான் நானும் சொல்றேன். எறங்கிரு."

பிக்கப் மெல்லப் பின்னுக்கு நகர்ந்தது. அவர் மனம் ஒரு கணம் ஆறுவதற்குள் இரைந்துகொண்டு பாய்ந்தது. கம்பம் முறிந்து சுழன்று அறையின் சுவரில் மோத, ஜன்னல் கண்ணாடி விரிசல் விட்டது. தார்ப்பாய் விலகி, செம்புக் கேபிள் வெயிலில் மின்னியது. வண்டி நெடுஞ்சாலைப் பக்கம் திரும்பி மறைந்தது.

பழனிச்சாமி வாக்கியை அழுத்தினார். மேற்பார்வையாளர் கௌரிசங்கரின் குரல் வந்தது.

"தண்ணி வண்டி சார். தடுப்ப ஒடச்சிட்டுப் போயிட்டான். கேபிள் ஏத்திருக்கான்."

"அத விடு. நீ எங்க நிக்கிற? வெளியவா, உள்ளவா?"

"உள்ளதான் சார்."



"சரி பழனி. அங்கயே இரு. நான் போலீஸுக்குச் சொல்லிடறேன்."

போலீஸ் வந்து கண்ணாடியைத் தட்டும் வரை பழனிச்சாமி கதவைத் திறக்கவில்லை. திறந்ததும், சரவணகுமாரின் அட்டையை அவர்கள் கையில் கொடுத்தார்.