இருவர் படகும் ஒரு கையெழுத்தும்

பழைய கார் விற்கிறவனையாவது சனங்கள் பாதி நம்புவார்கள். மலைநாட்டில் பழைய பாய்ப்படகு விற்கிறவனைக் கண்டால், காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

அந்தத் தொழிலைத்தான் நான் கண்டிக்குப் பக்கத்தில் நாலு வருஷம் செய்தேன். கண்டி நகரத்து மஹய்யாவயில் பிறந்த எனக்கு அதுவரை தண்ணீர் என்றால் குழாயடி வரிசை மட்டும்தான் தெரியும். மகாவலியை மறித்து அணை கட்ட வந்த வெளிநாட்டு எஞ்சினியர்மார் பொழுதுபோக்குக்கு நீர்த்தேக்கத்தில் ஒரு படகுக் கிளப் தொடங்கினார்கள். அணை முடிந்ததும் ஊருக்குப் போய்விட்டார்கள். இரண்டு பேர் ஓட்டுகிற சின்னப் பாய்ப்படகுகள் பதினொன்று கொட்டகையில் மிஞ்சின. அவர்களுடைய தச்சுப் பட்டறையில் வேலை செய்த என்னைக் கிளப் கமிட்டி பிடித்து, உள்ளூர்க்காரருக்கு விற்கவும் பழுது பார்க்கவும் சொன்னது.

ஆட்கள் படகு வாங்கினால் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம் நடக்கும், பந்தயம் நடந்தால் கிளப் இருக்கும், கிளப் இருந்தால் என் வீட்டு அடுப்பு எரியும். தண்ணீரில் ஓட்டிக் காட்டாமல் ஒருவரும் வாங்கமாட்டார்கள். ஆகவே நான் தண்ணீரில் இறங்க முடிகிறவரைக்கும்தான் எனக்கு வேலை. என்னோடு இரண்டாவது ஆளாக இறங்குகிறவன் பண்டார. தெல்தெனியப் பக்கத்துச் சிங்களக் கிராமத்துக்காரன், கிளப்பில் பாய் தைக்கிறவன், மஹய்யாவ நண்பர்களிடம் தமிழ் பழகியவன். இரண்டாம் கைச் சாமான் விற்றுப் பிழைத்த அன்பர்களே, இனி நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

டொக்டரின் புள்ளிக் கணக்கு

முதலில் வந்தவர் யாழ்ப்பாணத்து டொக்டர். கண்டியில் இருபது வருஷம் மருந்து எழுதியவர். அவருக்கு வேண்டியது விலை குறைந்த, பழுதில்லாத, எல்லாரையும் முந்துகிற படகு. அதோடு ஏழு கடல் சுற்றி வருகிற படகும் கேட்டிருந்தால் பட்டியல் முழுமையாகியிருக்கும். ஃபைபர் படகு ஒன்றைக் காட்டினேன், நல்ல வேகம், விலையும் வேகமாக இருந்தது. பக்கத்தில் கிடந்த பலகைப் படகு மலிவு, ஆனால் தூக்கினால் இரண்டு நாளைக்கு இடுப்பு வலிக்கும்.

எங்கள் பந்தயத்தில் முதலில் கரைக்கு வருகிறவர் வென்றவர் ஆகமாட்டார் என்று அவருக்கு விளக்கினேன். ஒவ்வொரு ரகப் படகுக்கும் ஒரு நம்பர் உண்டு. அதை வைத்து வேகமான படகின் நேரத்தைக் கூட்டுவோம், மெதுவான படகின் நேரத்தைக் குறைப்போம். இதற்குப் பெயர் ஹேண்டிகேப். பின்தங்கியவனுக்குச் சலுகை கொடுக்கிற ஒரே இடம் இந்த நாட்டில் எங்கள் கிளப்தான் என்று பெருமையாக முடித்தேன். அந்தப் பெருமையில் ஒன்றை மறந்துபோனேன். பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளைகளை எடுக்க அரசாங்கமும் தரப்படுத்தல் என்று இப்படி ஒரு கணக்கைக் கொண்டுவந்திருந்தது, அதில் அடிபட்டவர்களில் டொக்டரின் மகனும் ஒருவன். டொக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என்ர மகன் மூண்டு புள்ளியால மெடிசினைத் தவறவிட்டவன். இஞ்ச தண்ணியிலயும் தரப்படுத்தலோ? ஆகலும் மெதுவான படகு எதெண்டு காட்டும் தம்பி, இந்த முறை நான் சலுகைப் பக்கம் நிக்கிறன்."

கடைச் சுவர்

கம்பளையில் துணிக்கடை வைத்திருந்த ஹாஜியார் பாயைப் பார்க்கவில்லை, நம்பரைக் கேட்கவில்லை. பாய்ப்படகு பக்கவாட்டில் வழுக்காமலிருக்க நடுவில் ஒரு பலகையைத் தண்ணீருக்குள் இறக்குவோம். அந்தப் பலகை எவ்வளவு ஆழம் போகும் என்பதை மட்டும் மூன்று தரம் கேட்டார். பதினொரு படகின் பலகையையும் சாண் போட்டு அளந்தார். இப்படி ஒரு விவரமான வாடிக்கையாளரா என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆகக் குட்டையான பலகை கரையோரத்துக்கு நல்லது என்று சிபாரிசு செய்தேன். அவர் ஆக நீளமானதை எடுத்தார்.

காரணத்தைப் படகு நடுத்தண்ணீரில் நிற்கும்போது சொன்னார். அணை கட்டுமுன் அவருடைய கடை இருந்தது பழைய தெல்தெனிய டவுனில். அந்த டவுன் எங்களுக்குக் கீழே தண்ணீரில் மூழ்கிக் கிடந்தது.

"வெயில் காலத்துல தண்ணி எறங்கினா நம்மட கடைச் செவரு இந்தப் பலகையில தட்டும் தம்பி. தட்டினா கொஞ்சம் நிப்பாட்டுங்க, நான் ஒருக்கா எட்டிப் பாக்கணும்."

திருகோணமலை வழி

வடக்கில் சண்டை முற்றியதும் அணைக்கு ராணுவக் காவல் போட்டார்கள். தண்ணீரில் இறங்குகிற எவருக்கும் பாஸ் வேண்டும் என்றார்கள். காவல் அதிகாரி என் பெயரை வாசித்தார், கொட்டகையைப் பார்த்தார், மறுபடி பெயரை வாசித்தார். ஒரு தமிழன், அவன் கையில் இத்தனை படகு. மகாவலி எங்கே போய்க் கடலில் விழுகிறது என்று கேட்டார். திருகோணமலைக்குப் பக்கத்தில் என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். பூகோளத்தில் நான் என்றைக்குமே கெட்டிக்காரன்.

அணையைத் தாண்டி, பாறையில் உருண்டு, அடுத்த அணையையும் தாண்டி, ஒட்டுப்போட்ட பலகைப் படகில் நான் வடக்குக்குத் தப்பிப் போகக்கூடும் என்று அவர் முடிவு செய்தார். என்னிடம் அத்தனை திறமையை அதற்கு முன்னும் பின்னும் எவரும் கண்டதில்லை. பாஸ் இல்லையென்றால் வேலை இல்லை. கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். எனக்காக ஒரு சிங்களவர் கையெழுத்துப் போடவேண்டும், அவர் என்னோடு அதே படகில் இருக்கவேண்டும், சுக்கான் அவர் கையில் இருக்கவேண்டும். நான் ஓடினால் அவர் உள்ளே போவார். படகு இருவர் படகாக இருந்ததற்கு அன்றைக்குத்தான் கடவுளுக்கு நன்றி சொன்னேன். அதிகாரி பேசி முடிக்குமுன் பக்கத்தில் நின்ற பண்டார பேனையை எடுத்துக் கையெழுத்துப் போட்டான். பிறகு சிங்களத்தில் பணிவாகச் சொன்னான்:

"பயப்படாதீங்க சேர். தப்பி ஓடுற அளவுக்கு வேகமான படகு இந்தக் கொட்டகையில ஒண்ணுகூட இல்ல."

பதினொரு நாள்

அதற்குப் பிறகு விற்கிறவன் நான், பின்னால் சுக்கானைப் பிடித்து ஓட்டுகிறவன் பண்டார. நான் முன்னால் குந்திக்கொண்டு முன்பாயின் கயிற்றை இழுப்பேன். ஓட்டத் தெரியாதவன் படகு விற்கிறானே என்று வாங்க வந்தவர்கள் நினைத்தார்கள். வத்தேகமவிலிருந்து ஒரு ஆசிரியர் தம்பதி வந்தார்கள். உங்கள் இருவரின் எடையும் சேர்ந்து இந்தப் படகுக்கு அச்சாகப் பொருந்தும், இனிப் பந்தயம் உங்கள் கையில் என்று அளந்துவிட்டேன்.

டீச்சர் படகுக்குள் இறங்கி உட்கார்ந்து, கணவரை எதிரே உட்காரச் சொல்லி, இரண்டு பேர் முழங்காலும் முட்டுவதைப் பார்த்தார். எண்பத்து மூன்று கலவரத்தில் அவர்களை அடுத்த வீட்டுச் சிங்களவர் தன் சாமான் அறையில் ஒளித்து வைத்திருந்தாராம்.

"அந்த அறையில நாங்க ரெண்டு பேரும் பதினொரு நாள் இருந்தோங்க. இது அதவிடச் சின்னது. எடுத்துக்கிறோம், ஆனா ஒரு மணித்தியாலத்துக்கு மேல பந்தயம் வைக்காதீங்க."

நம்பர் மாறியது

அடுத்த இரண்டு வருஷத்தில் பத்தாவது படகும் போனது. மிஞ்சியது அடியில் இரண்டு இடத்தில் ஒட்டுப்போட்ட பச்சைப் படகு ஒன்று. அதற்குக் கமிட்டி கொடுத்த சலுகையைப் பார்த்தால், காலையில் புறப்பட்டு மத்தியானம் வந்தாலும் வெல்லலாம். ஒருவழியாக அதையும் வாங்க ஒருவர் வருவதாகச் சொன்ன நாளில், காவலரணில் அதிகாரி மாறியிருந்தார்.

காலமும் மாறியிருந்தது. தெற்கில் சிங்கள இளைஞர்களின் கிளர்ச்சி எழுந்து, எங்கள் பக்கத்துக் கிராமங்களிலும் இருபது, இருபத்தைந்து வயதுக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பிடித்துச் செல்லப்பட்டுக் காணாமல் போய்க்கொண்டிருந்தார்கள். புதிய அதிகாரி என் பாஸைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. பண்டாரவின் வயதையும் ஊரையும் வாசித்து, அவனை ஒரு பக்கமாக நிறுத்திவைத்தார். பிறகு என்னிடம் திரும்பி, இவனுக்காகக் கையெழுத்துப் போடுவாயா, இவன் எதிலாவது மாட்டினால் நீ உள்ளே வரவேண்டும் என்றார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் உடனே பேனையை எடுக்கவில்லை. என் இரண்டு பிள்ளைகளை நினைத்தேன். அவனுடைய ஊரில் யார் யாரோடு திரிகிறான் என்று எனக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். ஒரு தமிழன் இதில் தலையைக் கொடுப்பதா என்றும் நினைத்தேன். அவன் எனக்காகப் போட்டபோது எடுத்த நேரத்தைவிட நான் எடுத்தது எத்தனையோ மடங்கு, எந்த ஹேண்டிகேப் கணக்கிலும் அதைக் குறைக்க முடியாது. பண்டார என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். எவ்வளவு காலமாக இவனைத் தெரியும் என்று அதிகாரி கேட்டார். "ரெண்டு வருஷமா எனக்கு மூணடிக்குப் பின்னால உட்கார்ந்திருக்கான் சேர்" என்று சொல்லிக் கையெழுத்தைப் போட்டேன். என் கையெழுத்து மாதிரியே இல்லை, ஆனாலும் ஏற்றுக்கொண்டார்.

இரண்டு பேரும் கொட்டகைக்குப் போனோம். பச்சைப் படகைத் தண்ணீருக்குள் தள்ளினோம். பழக்கத்தில் நான் முன்னால் ஏறப் போனேன். பண்டார என் தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டு, தானே முன்னால் போய்க் குந்திக்கொண்டு, முன்பாயின் கயிற்றைக் கையில் எடுத்தான்.

"இந்த வருஷம் ஹேண்டிகேப் எனக்கு விழுந்திருக்கு மச்சான். நீ சுக்கானப் பிடி."

இருவர் படகு தேடுகிறவர்களுக்கு நாலு வருஷ அனுபவத்தில் என் சிபாரிசு ஒன்றுதான்: முதலில் கையெழுத்துப் போடக்கூடிய ஒரு ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள், படகில் எத்தனை ஒட்டு இருந்தாலும் எப்படியோ மிதக்கும்.